வேம்புலியின் வலது கால்

நூம்பல் கிராமத்து வேம்புலிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். படுத்தால் பாய் சுருளும் வரை புரளுவான். கல்யாண மணையில்கூட அவன் கால் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டாராம். பொன்னியம்மா குனிந்த தலை நிமிராமல் தன் கையை அவன் தொடைமேல் வைத்து அழுத்தியிருக்கிறாள். "அன்னிக்கு புடிச்சது, இன்னும் உட முடியல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவன் அப்பாவுக்கு ஏரித் தண்ணீர் பாயும் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏர் மாட்டின் நடை வேம்புலிக்கு ஒத்துவரவில்லை. விரட்டுவான், மாடு மிரளும், சால் கோணிக்கொண்டு வரப்பில் போய் முட்டும். மீசை முளைக்கும் வயதில் பூந்தமல்லிக்கு ஓடிப்போய் ஒரு பஸ் ஷெட்டில் சேர்ந்தான். வண்டி கழுவினான், சக்கரம் கழற்றினான், சாயங்காலங்களில் ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினான். சில வருஷங்களில் பூந்தமல்லிக்கும் பட்டணத்துக்கும் ஓடும் பஸ்ஸுக்கே டிரைவரானான்.

பூக்காரிகளுக்கும் பால்காரர்களுக்கும் அவனைப் பிடிக்கும். அவன் பஸ்ஸில் ஏறினால் சந்தைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேரலாம். முதலாளி செங்கல்வராயனுக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு நாள் ஷெட்டில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அதே வண்டி, அதே ரோடு. நாகப்பன் ஓட்னா டாங்கில மீதி கீது. நீ ஓட்னா மட்டும் பெட்ரோலு எங்கடா போவுது? குடிக்கிறியா?"

அவன் குடிக்கவில்லை, விற்கவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து புலி மாதிரிப் பாய்வான், அடுத்த நிறுத்தத்தில் பிரேக்கை ஏறி மிதிப்பான். ஆள் ஏறி இறங்கும்வரை இன்ஜினை உறும விட்டுக்கொண்டேயிருப்பான். முன்னால் கட்டை வண்டி போனால் அதன் பின்கட்டையை முட்டுகிற அளவுக்குப் போய்த்தான் ஒதுங்குவான். எல்லாம் பெட்ரோல்தான். ஆனால் முதலாளியும் அவனும் அதை அப்படி யோசித்துப் பார்க்கவில்லை. சண்டை முற்றி வேலை போயிற்று.

அப்போதுதான் டாக்டர் ஜானகிராமன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். பூந்தமல்லியில் டிஸ்பென்சரி வைத்திருந்த அவர், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு கார் வாங்கியிருந்தார். பச்சை நிறம், துணிக்கூரை. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போகும். இரண்டு பேருக்குமேல் உட்கார முடியாது. பந்தயத்துக்குச் செய்த ஜாதி வண்டி. ஊரில் அதைத் தவளைக் கார் என்றார்கள். படிக்கிற காலத்திலிருந்தே டாக்டருக்கு அந்த மாதிரி வண்டிமேல் ஆசை. ஆனால் ஓட்டத்தான் வரவில்லை. வாங்கிய வாரமே திருமழிசைப் பக்கம் ஒரு நாற்றங்காலில் இறக்கிவிட்டார்.

வேம்புலி முதல் தடவை அந்த வண்டியில் உட்கார்ந்து காலை அழுத்தியபோது அது கொடுத்த குரலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். டாக்டரும் சிரித்தார். மடியில் மருந்துப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தொப்பி பறக்க, ஊர் ஊராக நோயாளிகளைப் பார்க்கப் போவது அவருக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். டாக்டர் என்பதால் ஜானகிராமனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அதுவும் மாதத்தில் பாதிநாள்தான் வந்தது. மற்றப் பாதிநாள் கார் கொட்டகையில் நிற்க, டாக்டர் ஜட்காவில் போனார். பஸ்களெல்லாம் பெட்ரோலுக்குப் பதில் பின்பக்கம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தக் கரிவாயுவில் புகைந்து புகைந்து ஓட ஆரம்பித்திருந்தன.

"நம்ம வண்டியில கரியடுப்பை எங்கப்பா வெக்கறது? என் மடியிலயா?" என்றார் டாக்டர். பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னார்: "இப்படியே போனா நான் வண்டியை வித்துட வேண்டியதுதான், வேம்புலி. கொஞ்சம் பார்த்து ஓட்டு."

பார்த்து ஓட்டத்தான் பார்த்தான். காலையில் டிஸ்பென்சரி வாசலிலிருந்து கிளம்பும்போது மெதுவாகத்தான் போக வேண்டும் என்று நினைப்பான். கடைத்தெரு தாண்டி மரங்களுக்கு நடுவே நேர் ரோடு தெரிந்தவுடன் கால் தானாக இறங்கிவிடும்.

மாறியது தையற்கார பக்கீர் முகமதுவால். கடைத்தெருவில் கடை வைத்திருந்த அவர் தைக்காத சட்டை பூந்தமல்லியில் இல்லை. புரை விழுந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனவருக்கு, எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் சொல்லிவைத்து ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தார்கள். பஸ்ஸில் வந்தால் குலுக்கலில் கண் கெட்டுப்போகும் என்று டாக்டர் பயந்தார். காரை அனுப்பினார்.

"அவர் தலை ஆடக் கூடாது. பிரேக்கை மிதிச்சு நிறுத்தினன்னா, அவர் இன்னிமே தைக்க முடியாது. புரியுதா?"

பக்கீர் முகமது கண் இரண்டையும் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எரிச்சல்காரர். படுக்கையில் அசையாமல் கிடந்து இன்னும் எரிச்சல் ஏறியிருந்தது.

"யாரு ஓட்றது?"

"நான்தான் பாய், வேம்புலி."

"அட அல்லாவே! உன்னியா அனுப்ச்சாரு? நான் ஜட்காவுலயே வர்றேன், எறக்கி உடு."

"ஜட்கா இன்னும் குலுக்கும் பாய். குந்துங்க."

கிளம்பினான். கால் விரல் நுனியால் தொட்டான். வண்டி அசைந்தது. அடுத்த கியர் மாற்றும்போது சின்னதாக ஓர் உலுக்கல். பக்கீர் முகமது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அதற்கப்புறம் வேம்புலி ஒவ்வொரு கியரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினான். பிரேக் மிதிக்கக் கூடாது என்றால் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும். அமைந்தகரையில் மாடு குறுக்கே வருமா, கோயம்பேட்டில் வைக்கோல் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று முன்கூட்டியே பார்த்து, காலை எடுத்து, வண்டியைத் தன் போக்கில் ஓய விட்டான். முழு நிறுத்தத்துக்கு வராமலே மறுபடி மெல்லத் தொட்டு நகர்த்தினான். ரோட்டுப் பள்ளங்களை நெளிந்து நெளிந்து தாண்டினான். சைக்கிள்காரர்கள் எல்லாரும் தவளைக் காரை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றான்.

மதுரவாயல் தாண்டியபோது வேம்புலிக்குச் சட்டை நனைந்து, வலது தொடை கல்லாக இறுகியிருந்தது. இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் பேச்சே இல்லை. பார்த்தால் பக்கீர் முகமது தூங்கிக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லியில் அவரை இறக்கி வீட்டுக்குள் கைபிடித்து விட்டபோது அவர் மகள் நசீம் பானு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். "அத்தா தூங்கிக்கினா வந்தாரு? ஆஸ்பத்திரியில ஒரு நாளுகூட தூங்கலியே!" என்றாள்.

டாக்டருக்கு ஒரு வழக்கம். காரைக் கொட்டகையில் விட்டதும் டாங்க்குக்குள் மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார். அன்றைக்கு இரண்டு தடவை விட்டுப் பார்த்தார்.

"வழியில எங்கயாவது பெட்ரோல் போட்டியா?"

"கூப்பன் ஏது சார்?"

"பட்டணம் போய்ட்டு வந்த வண்டியாய்யா இது? எப்படி இவ்வளவு மீதி?"

வேம்புலியும் குச்சியை வாங்கிப் பார்த்தான். வழியெல்லாம் அவன் செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னபோது இருவருக்குமே விஷயம் விளங்கிற்று. பெட்ரோல் எங்கே போகிறது என்று செங்கல்வராயன் கேட்டதற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. பாய்ச்சலில் பாதி போயிருக்கிறது. பாய்ந்து சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் கொன்றதில் மீதி போயிருக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து, பக்கத்தில் கண் கட்டிய ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே ஓட்டினான். டாக்டர் நோயாளி வீட்டுக்குள் போனால் இன்ஜினை அணைத்தான். சக்கரங்களுக்குக் காற்று குறையாமல் பார்த்துக்கொண்டான். ஏரிக்கரைச் சரிவுகளில் காலை முழுக்க எடுத்துவிட்டு வண்டியை உருள விட்டான். கூப்பன் பெட்ரோல் மாதக் கடைசி வரை வந்தது. டாக்டர் பார்க்கிறவரிடமெல்லாம் "வேம்புலி மாறிட்டான்" என்று சொன்னார்.

மாறவில்லை. வண்டியில் அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்தது. சோற்றுத் தட்டைப் பாதியில் விட்டு எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான். பொன்னியம்மா களை எடுத்துவிட்டு வரக் கொஞ்சம் நேரமானால் வரப்பிலேயே போய் நின்று கத்துவான். தண்ணீர்க் குடத்தை மெதுவாகச் சாய்க்கிறாள் என்று ஒரு நாள் சண்டை.

"வண்டியாண்ட காட்றதுக்கு பயந்துகினு என்னாண்ட காட்றியா?" என்றாள் அவள். "என்னிய இன்னா பெட்ரோலு ஊத்தியா ஓட்ற? நான் என் நடையிலதான் நடப்பேன்."

இரண்டு வருஷம் அந்த வண்டி அவனுக்குக் கொடுத்திருந்த ஒன்று இப்போது கிடைக்கவில்லை. அது என்னவென்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பங்குனி மாதம். ஆவடிப் பக்கம் ராணுவக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. லாரிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று ஆளுக்கொரு பேச்சு. எவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத காலம் அது. மாதக் கடைசிக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, ஆவடி ஸ்டேஷனில் ஒரு மருந்துப் பார்சலைச் சேர்த்துவிட்டு வரும்படி டாக்டர் வேம்புலியைத் தனியாக அனுப்பினார். சேர்த்தான். திரும்பிப் பூந்தமல்லி முச்சந்திக்கு வந்தான். இடது பக்கம் டிஸ்பென்சரி. வலது பக்கம் மேற்கே போகும் நெடுஞ்சாலை, ஆளில்லாமல், புளியமர நிழல் பூராவும் விழுந்து கிடந்தது.

டாங்கில் பெட்ரோல் இருந்தது. தன் கால் பட்ட பாட்டில் மிஞ்சிய பெட்ரோல் என்று அவனுக்குத் தோன்றியது.

வலது பக்கம் திருப்பினான்.

நசரத்பேட்டை தாண்டியவுடன் காலை அடிவரை இறக்கினான். வண்டி ஒரு கணம் திகைத்ததுபோல் நின்று, பிறகு அந்தப் பழைய குரலைக் கொடுத்தது. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் ஒரு வெள்ளைக் கோடாக ஓடிற்று. காற்றில் கண்ணீர் வழிந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவன் உடம்பில் எதுவும் ஆடவில்லை. முழங்கால், விரல், மனசு எல்லாம் அசையாமல் இருந்தன. தண்டலம் வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று நினைத்தான். ஸ்ரீபெரும்புதூர் வந்த பிறகுதான் திரும்பினான். திரும்பும்போதும் காலை எடுக்கவில்லை.

கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டுக் குச்சியை டாங்க்குக்குள் விட்டான். நுனி மட்டும் நனைந்து வந்தது. புதுக் கூப்பன் வரும்வரை டாக்டருக்கு வெளியூர் வேலை எதுவும் இல்லை, குச்சி விட்டுப் பார்ப்பதையும் அவர் நிறுத்தி நாளாகிவிட்டது, யாருக்கும் தெரியவராது என்று எண்ணிக்கொண்டான்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் சைக்கிளில் வந்து டிஸ்பென்சரி வாசலில் விழாத குறையாக இறங்கினான். ஆவடிக்கு அப்பால் உள்ள அண்ணனூர்த் தங்கவேல். ரயில் பாதையில் கூலி வேலை செய்கிறவன்.

"சாமி, எம் பொஞ்சாதிக்கு நேத்திலிருந்து நோவு. கொயந்த வரல. ரத்தமா போவுது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா சாமி."

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "வேம்புலி, பெட்ரோல் இருக்கா?"

"கீது சார்."

வாய் முந்திக்கொண்டது. தங்கவேல் அதற்குள் சைக்கிளைத் திருப்பி மிதிக்கத் தொடங்கிவிட்டான். டாக்டர் ஏறி உட்கார்ந்தார்.

இருப்பது அண்ணனூர் வரை வருமா? வேகமாகப் போனால் பாதி தூரம்கூட வராது. மெதுவாகப் போனால் வந்தாலும் வரலாம். வேம்புலி விரல் நுனியால் தொட்டான். வண்டி நகர்ந்தது.

காடுவெட்டி வரும்போதே டாக்டர் பொறுமை இழந்தார். "என்னய்யா இது? சைக்கிள் முன்னால போயிட்டிருக்கு! வேகமா போ!"

"போறேன் சார்."

போகவில்லை. முன்னால் தங்கவேல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான். திரும்பித் திரும்பிப் பார்த்தான். காருக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கு விளங்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க வேம்புலியின் காலில் ரத்தமெல்லாம் வந்து இறங்கிற்று. அழுத்து, அழுத்து என்றது கால். இடது கையால் தன் வலது தொடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டான்.

"வேம்புலி! உனக்குக் காது கேக்கலையா? அங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா!"

"வேகமா போனா வண்டி பாதி வயியிலயே நின்னுடும் சார்." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "பெட்ரோலு இல்ல. காலைல நான் பெரும்புதூரு வரிக்கும் போய்ட்டேன். சும்மா. சும்மாதான் போனேன் சார்."

டாக்டர் திரும்பி அவனைப் பார்த்தார். மடியிலிருந்த பெட்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சரிவில் இன்ஜினையே அணைத்து உருள விட்டான். நின்றுவிடப் போகிற கணத்தில் மறுபடி உயிர் கொடுத்தான். ஆவடியில் ராணுவ லாரி ஒன்று குறுக்கே நின்றது. அது விலகும்வரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் அவன் வாழ்நாளில் மிக நீளமான காத்திருப்பு. ஆவடியைத் தாண்டினார்கள். அண்ணனூர்க் குடிசைகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இன்ஜின் இரண்டு தடவை இருமி அடங்கியது.

டாக்டர் குதித்து இறங்கினார். தங்கவேல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். வேம்புலி மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவ்வளவு வேகமாக அவன் ஓடியதில்லை. சைக்கிளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

தங்கவேலின் மனைவி கன்னியம்மாள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

பொழுது சாயும்போது ஒரு கட்டை வண்டி பிடித்து, காரைக் கயிற்றால் பின்னால் கட்டினார்கள். டாக்டர் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தார். வேம்புலி காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாட்டு நடையில் வந்தான். பாதி வழியில் டாக்டர் திரும்பாமலே சொன்னார்:

"நாம பூந்தமல்லியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தக் குழந்தை போயிடுச்சு. வேகமா வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

மெய்யாகச் சொல்கிறாரா, தன்னைத் தேற்றச் சொல்கிறாரா என்று வேம்புலிக்குத் தெரியவில்லை.

டாக்டர் அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். கூப்பன் வந்ததும் தானே ஓட்டினார். கடைத்தெருவில் நாலு தடவை இன்ஜினை அணையவிட்டு, பக்கீர் முகமதுவின் கடைப் பந்தலை ஒருமுறை இடித்து, ஒரு வாரத்துப் பெட்ரோலை இரண்டே நாளில் தீர்த்தார். பக்கீர் முகமதுவுக்கு அப்போது கண் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "டாக்டர் சார், கோவம் இருந்தா அவன் கன்னத்துல ரெண்டு வைங்க. சாவிய குடுத்துடுங்க." அண்ணனூருக்குப் போய்வந்த பிறகு டாக்டர் முதல் தடவையாக, அதைக் கேட்டுச் சிரித்தார். சாயங்காலம் சாவி வேம்புலிக்கு வந்தது.

கோடை முடியும் சமயத்தில் கன்னியம்மாள் மருந்து வாங்க டிஸ்பென்சரிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விடலாமா என்று பார்த்தான். அவளே கிட்டே வந்தாள்.

"நீதானே அண்ணா அன்னிக்கு பொட்டிய தூக்கிகினு ஓடியாந்த?"

"நான்தான்மா." துணியைக் கீழே போட்டான். "நான் ஜல்தியா வந்திருந்தா... பெட்ரோல காலைல நான்தான் வீணடிச்சேன். உன் புள்ள..."

அவள் கையிலிருந்த மருந்துச் சீசாவின் தக்கையை அழுத்தி மூடினாள்.

"அது மொத நாளு ராவே அசையறத உட்டுட்ச்சி. எனக்குத் தெரியும். யாராண்டயும் சொல்ல மனசு வரல, அவ்ளோதான்" என்றாள். பிறகு சீசாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்துபோனாள்.

வீட்டுக்குப் போய்ப் பொன்னியம்மாவிடம் சொன்னான். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு, "அப்பாடா. உம்மேல தப்பில்லன்னு பெத்தவளே சொல்லிட்டா. இனிமேலாவது துன்னுட்டு தூங்கு" என்றாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தது. நான் பெரும்புதூரு ரோட்ல போனப்போ எனக்குத் தெரியாதே."

பொன்னியம்மா களைந்த அரிசியை உலையில் போட்டாள். சோறு வடித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பாதியில் எழுந்து போகவில்லை. முழுக்கச் சாப்பிட்டான்.

மழைக்காலத்தில் டயர் கிடைக்காமல் டாக்டர் காரை ஒரு ராணுவ அதிகாரிக்கு விற்றார். வேம்புலி ஆவடி ராணுவக் கொட்டகையில் லாரி டிரைவராகச் சேர்ந்தான். அங்கே சிமெண்டும் தகரமும் ஏற்றிய லாரிகளை வரிசையாக, ஒரே இடைவெளி விட்டு, ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். மற்ற டிரைவர்களுக்கு அதில் தூக்கம் வந்தது. வேம்புலிக்கு வரவில்லை. வரிசையின் கடைசி லாரியை அவன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். எல்லா லாரியும் போய்ச் சேர்ந்த பிறகு, டாங்கில் மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். யாராவது உடம்புக்கு முடியாதவரைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தால், அவன் டாங்கில் எப்போதும் மிச்சம் இருக்கும் என்று தெரிந்த காவல்காரன் முதலில் அவன் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவான்.